அம்மா பார்த்தது சிவப்பு வானம், மாமா பார்த்தது நீல வானம்: ஒரே படம்தானா?

டோங்காட் மகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வழக்கை இங்கே கொண்டுவருகிறேன். பழைய தியேட்டர், பழைய டிவி விஷயம் தெரிந்தவர்கள் யாராவது தீர்த்துவைத்தால் புண்ணியமாகப் போகும்.

அம்மா 1964இல் பிறந்தவர். தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து டோங்காட்டில், கரும்புத் தோட்டத்துப் பேரக்ஸ் வீட்டில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவர். அவர் முதன்முதலாகப் பார்த்த கலர் படம் ஒரு முருகன் படம். அப்போது அவருக்குப் பதினொரு வயது இருக்கும். ஊரில் ஒரு ஹாலில் சனிக்கிழமை இரவு போட்டார்களாம். படம் முழுக்கச் சிவப்பாக இருந்தது என்கிறார். மயில், கடல், மலை எல்லாமே சிவப்பு. வானம்கூட செம்பருத்திப் பூ நிறத்தில் இருந்ததாம். தேவலோகத்துக் கதை அல்லவா, அங்கே வானம் அப்படித்தான் இருக்கும் என்று அம்மா நம்பிவிட்டார்.

மாமா அம்மாவைவிட எட்டு வயது மூத்தவர். அதே படத்தை டர்பனில் கிரே தெரு பக்கம் ஒரு தியேட்டரில், படம் புதிதாக வந்த காலத்திலேயே பார்த்துவிட்டார். மயில் கழுத்தில் இருந்த நீலத்தை இன்றைக்கும் கை ஆட்டி வர்ணிக்கிறார். சிவப்பு என்ற பேச்சே கிடையாது, நீ தூக்கக் கலக்கத்தில் பார்த்திருப்பாய் என்று அம்மாவிடம் சொல்வார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிடும்.

இன்னொரு விஷயம். நம் நாட்டில் டிவி வந்த முதல் நாளிலிருந்தே கலரில்தான் ஒளிபரப்பு என்று படிக்கிறேன். ஆனால் அம்மா தான் பார்த்த முதல் டிவி கறுப்பு வெள்ளை என்று அடித்துச் சொல்கிறார். அதெப்படி?

கடைசியாக ஒன்று. அம்மாவின் பிஸ்கட் டின்னில் ஒரு சின்ன ஃபிலிம் துண்டு இருக்கிறது. அந்த ஹாலில் ஆபரேட்டர் வெட்டிப் போட்டதைப் பிள்ளைகள் பொறுக்குவார்களாம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நான்கு கட்டம் இருக்கிறது, முருகன் வேலோடு நிற்கிறார். எல்லாம் சிவப்பு! இதை வைத்து அம்மா ஜெயித்துவிட்டார் என்று சொல்லலாமா?

உங்கள் வீட்டில் கலர் எப்படி வந்தது என்பதையும் எழுதுங்கள். படிக்க ஆசையாக இருக்கிறது.

ரீல்காரர் எழுதியது:

மகளே, அம்மா சொல்வதும் நிஜம், மாமா சொல்வதும் நிஜம். இருவரும் பார்த்தது ஒரே படம்தான். ஒரே பிரதியாகக்கூட, அதாவது ஒரே ஃபிலிம் சுருளாகக்கூட, இருக்கலாம். மாமா பார்த்தபோது அது புதுப் பிரதி. அம்மா பார்த்தபோது அதற்குப் பத்து வயது ஆகியிருக்கும்.

நான் 1967இலிருந்து சில வருஷம் டர்பனில் ஒரு பயாஸ்கோப் தியேட்டரின் ஆபரேட்டர் ரூமில் கையாளாக இருந்தவன். ரீல் சுற்றுவது, அறுந்த இடத்தை ஒட்டுவது, கார்பன் குச்சி எடுத்துக் கொடுப்பது என் வேலை. அதனால் இந்தச் சிவப்பு எனக்கு நன்றாகத் தெரியும்.

கலர் பிரதியில் மூன்று சாய அடுக்குகள் உண்டு. மெஜந்தா என்கிற கருஞ்சிவப்பு ரோஸ் மேலே இருக்கும், நடுவில் நீலப்பச்சை, அடியில் மஞ்சள். திரையில் தெரியும் எல்லா நிறமும் இந்த மூன்றின் கலப்புதான். கோடாக் கம்பெனியின் ஈஸ்ட்மன்கலர் பிரதிகளில் இந்த நீலப்பச்சைச் சாயம் மற்ற இரண்டையும்விடச் சீக்கிரம் மங்கிவிடும். வெளிச்சமே படாமல் டப்பாவுக்குள் இருந்தாலும் மங்கும். சூடும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் வேகம். டர்பன் வெயிலையும் புழுக்கத்தையும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீலப்பச்சை போனபின் மிஞ்சுவது மெஜந்தாவும் மஞ்சளும். இரண்டும் சேர்ந்தால் சிவப்பு. மயிலில் நீலம் இருக்காது, வானத்திலும் இருக்காது. அம்மா கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, தூக்கக் கலக்கமும் இல்லை. மாமாவிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

1980களின் தொடக்கத்தில் கோடாக் லேசில் மங்காத பிரதி ஃபிலிம் கொண்டுவந்தது. அதற்கு முன் வந்த ஈஸ்ட்மன்கலர் பிரதிகளின் கதி பெரும்பாலும் இதுதான். டெக்னிகலர் கம்பெனியின் பழைய முறையில் சாயத்தை அச்சுப் போல ஏற்றிய பிரதிகள் மட்டும் தப்பித்தன. அவை இன்றும் நிறம் மாறாமல் இருக்கின்றன.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1946இலேயே இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வர்த்தகத்தை நிறுத்திவிட்டது. அதன் பிறகும் நமக்குப் படங்கள் வந்தன, ஆனால் நேராக வரவில்லை, சுற்றிக்கொண்டு வந்தன. வந்த பிரதியை யாரும் லேசில் கைவிடமாட்டார்கள். முதலில் டர்பன், பிறகு மேரிட்ஸ்பர்க், ஜோஹன்னஸ்பர்க் பக்கம், அப்புறம் டர்பனுக்கு வடக்கிலும் தெற்கிலும் உள்ள கடலோர ஊர்களின் ஹால்கள், கடைசியில் கோயில் நிதிக்காகப் போடும் காட்சிகள். பல்சக்கரத் துளை கிழியும்வரை ஓட்டுவார்கள். டோங்காட்டுக்கு அது வந்து சேர்ந்தபோது நிறத்தில் பாதி போயிருக்கும். இதை வெள்ளைக்காரப் பகுதித் தியேட்டர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் மனசு வலிக்கும். அவர்களுக்கு ஆங்கிலப் படம் புதுப் பிரதியில் வரும். நம் ஜனம் அந்த வாசலுக்குள் போகவே அன்றைய நிறவெறிச் சட்டம் இடம் தராது. நம் சாமியை நாம் பார்த்தது நிறம் செத்த பிரதியில்.

ஆபரேட்டர் ரூமில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் ஒரு பாடம் வைத்திருந்தார். அந்தக் காலத்து விளக்கு கார்பன் குச்சிகளுக்கு இடையே எரியும் நெருப்பு. இடைவெளி சரியாக இருந்தால் நல்ல வெள்ளை வெளிச்சம். குச்சி எரிந்து இடைவெளி கூடினால் திரை பழுப்பாகிவிடும், கலர் எல்லாம் கெடும். அதைக் கண்டுபிடிக்க அவர் சொன்ன வழி: திரையில் வேட்டி கட்டிய ஆள் வரும்போது வேட்டியை மட்டும் பார், கதையைப் பார்க்காதே. வேட்டி வெள்ளையாக இருந்தால் எல்லா நிறமும் சரி. நான் பார்த்த படங்களில் பாதியை வேட்டியாகத்தான் பார்த்திருக்கிறேன்.

ஒரு தடவை, முன்பு நாங்களே புதிதாக ஓட்டிய ஒரு படம் ஊரெல்லாம் சுற்றிவிட்டு மறுபடி எங்களிடம் வந்தது. முதல் ரீலிலேயே வேட்டி ரோஸ் நிறம். பெரியவர் கார்பனை இழுத்தார், தள்ளினார், கண்ணாடியைத் துடைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. விளக்கில் குறையில்லை, ஃபிலிமிலேயே போய்விட்டது என்று தெரிந்ததும் அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அன்று இரவு ரீல் மாற்றும் வேலை முழுக்க என்னைச் செய்யச் சொன்னார். கீழே சனங்கள் விசிலடித்து ரசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தப் படத்தை முதல் முறை பார்க்க வந்தவர்களுக்கு அதுதான் கலர்.

சரி, என் முதல் கலரையும் சொல்கிறேன், கேட்டீர்கள் அல்லவா. சின்ன வயதில் எனக்கு இருந்த பெரிய ஏமாற்றம் போஸ்டர். வாசலில் ஒட்டியிருக்கும் போஸ்டரில் கதாநாயகி பச்சைப் புடவை, கதாநாயகன் மஞ்சள் சட்டை, பின்னால் ஆரஞ்சு நிற நெருப்பு. உள்ளே போய் உட்கார்ந்தால் எல்லாம் சாம்பல். ஒவ்வொரு வாரமும் இதே கதை. போஸ்டரை நம்பக்கூடாது என்று ஆறு வயதிலேயே தெரிந்துகொண்டேன்.

அப்படி இருக்கும்போது ஆயா, அதாவது என் பாட்டி, என்னை நாடோடி மன்னனுக்குக் கூட்டிப்போனார். 1958இல் வந்த படம், எம்.ஜி.ஆர். முதன்முதலாக இயக்கியது. எங்களுக்கு அது வந்து சேரக் கொஞ்ச காலம் பிடித்தது. முழுநீளக் கலர் தமிழ்ப் படம் அதற்கு முன்பே, 1956இல், அலிபாபாவும் 40 திருடர்களும் என்று வந்துவிட்டது. ஆனால் நான் அதைப் பார்த்திருக்கவில்லை. நாடோடி மன்னனில் முன்பகுதி கறுப்பு வெள்ளை, பின்பகுதி கேவாகலர் என்கிற கலர் ஃபிலிம். கலர் ஃபிலிம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், விலையும் அதிகம். அந்தக் காலத்தில் பல படங்களில் ஒரு பாட்டை மட்டும், ஒரு பகுதியை மட்டும் கலரில் எடுத்தது அதனால்தான்.

எங்களுக்கு இது யாரும் சொல்லவில்லை. ஆயாவுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. வெகுநேரம் கறுப்பு வெள்ளையில் கத்திச் சண்டையும் சூழ்ச்சியும் ஓடியது. ஆயா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று திரையில் பச்சை வந்தது, தோல் நிறம் வந்தது, துணிகளுக்கு நிறம் வந்தது. ஹாலில் ஒரு சத்தம் எழுந்தது. அது விசிலும் இல்லை, கைத்தட்டலும் இல்லை, எல்லோரும் ஒரே சமயத்தில் மூச்சை உள்ளே இழுத்த சத்தம். ஆயா மடித்த வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, “இத்தனை நேரம் இதை ஏன்டா ஒளிச்சு வச்சிருந்தாங்க?” என்று என்னைக் கேட்டார். யாரோ வேண்டுமென்றே மறைத்துவைத்திருந்தார்கள் என்றே அவர் நினைத்தார். நான் திரும்பிச் சுவரின் மேலே இருந்த ஓட்டையைப் பார்த்தேன். அங்கிருந்து வந்த வெளிச்சத்திலேயே நிறங்கள் நெளிந்தன. பிற்பாடு ஆபரேட்டர் ரூமில் வேலை தேடிப் போனதற்கு அந்த ஓட்டைதான் காரணம்.

இப்போது உங்கள் பிஸ்கட் டின் விஷயம். அந்தத் துண்டை வைத்து அம்மா ஜெயித்தார் என்று சொல்ல முடியாது. அது டின்னுக்குள் ஐம்பது வருஷமாக மங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. இன்று சிவப்பாக இருப்பது அன்று எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி ஆகாது.

ஆனால் வேறொரு சாட்சி உண்டு. இருவரிடமும் தனித்தனியாக ஒரு கேள்வி கேளுங்கள். திரையில் மழை மாதிரி கோடுகள் ஓடுமே, அவை என்ன நிறம்? நான் சொன்ன அடுக்கு வரிசையை நினைவில் வையுங்கள். மேலோட்டமான கீறல் மேலே இருக்கும் மெஜந்தாவை மட்டும் சுரண்டும். கீழே நீலப்பச்சையும் மஞ்சளும் நன்றாக இருந்தால் கோடு பச்சையாகத் தெரியும். நீலப்பச்சை மங்கிய பிரதியில் அதே கீறல் மஞ்சளாகத் தெரியும். ஆழமான கீறல் புதுப் பிரதியிலும் மஞ்சளாகலாம், அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதமாட்டேன். இருந்தாலும் கேட்டுப் பாருங்கள். கேள்விக்கு முன்னால் காரணத்தைச் சொல்லிவிடாதீர்கள்.

ஃபிலிம் துண்டின் ஓரத்தில் ஏதாவது எழுத்தோ குறியோ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சாட்ஸ்வொர்த் டீச்சர் எழுதியது:

சினிமாவுக்கு அங்கிள் விரிவாகச் சொல்லிவிட்டார். டிவிக்கு நான் சொல்கிறேன்.

நீங்கள் படித்தது சரி. இங்கே டிவி அதிகாரபூர்வமாகத் தொடங்கியது 1976 ஜனவரி 5. முதல் நாளிலிருந்தே கலர், பால் (PAL) என்கிற கலர் ஒளிபரப்பு முறை. உலகத்தில் பல நாடுகள் கறுப்பு வெள்ளையில் தொடங்கிக் கலருக்கு மாறின. நாம் தாமதமாக வந்ததால் அந்தப் படியைத் தாண்டிவிட்டோம். தாமதத்துக்குக் காரணம் அரசாங்கம். 1960களில் தபால் தந்தி மந்திரியாக இருந்த ஆல்பர்ட் ஹெர்ட்சாக் டிவி வரவே கூடாது என்று நின்றவர். 1969இல் நிலாவில் மனிதன் இறங்கியதை நம் நாட்டில் யாரும் வீட்டில் உட்கார்ந்து பார்க்கவில்லை.

1975இலேயே சோதனை ஒளிபரப்பு தொடங்கிவிட்டது. டர்பன் வெஸ்ட் தெருக் கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் டிவிப் பெட்டி வைத்திருப்பார்கள். திரையில் வட்டமும் வண்ணப் பட்டைகளும் மட்டும்தான். அதைப் பார்க்கவே கூட்டம் நிற்கும். அப்பா என்னைத் தோளில் தூக்கிக் காட்டினார். எனக்கு அந்தப் பட்டைகள் போதும், வேறு நிகழ்ச்சி வேண்டும் என்றே தோன்றவில்லை.

ஆனால் ஒளிபரப்பு கலர் என்றால் வீட்டில் கலர் என்று அர்த்தமில்லை. கலர் பெட்டி வாங்க எங்கள் தெருவில் ரொம்பப் பேருக்கு வசதி கிடையாது. கறுப்பு வெள்ளைப் பெட்டி சின்னதாக, பாதி விலைக்கும் குறைவாகக் கிடைத்தது. அப்பா துணி ஆலையில் வேலை பார்த்தார், அதைத்தான் வாங்கினார். உங்கள் அம்மா வீட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கும். நிறம் காற்றில் வந்துகொண்டுதான் இருந்தது, எங்கள் பெட்டிக்கு அதைப் பிரிக்கத் தெரியாது.

இரண்டு வீடு தள்ளி ஒரு ஆன்ட்டி வீட்டில் கலர் பெட்டி வந்தது. எங்கள் தாத்தா குதிரைப் பந்தயப் பிரியர். கிரேவில் மைதானத்துக் குதிரைகளின் வம்சமெல்லாம் அவருக்கு மனப்பாடம். டிவியில் பந்தயம் காட்டும் நாட்களில் அவருக்குப் பெரிய தவிப்பு. ஜாக்கிகளைச் சட்டை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும், எங்கள் பெட்டியில் எல்லாச் சட்டையும் சாம்பல். அதனால் என்னை ஆன்ட்டி வீட்டுக்கு அனுப்புவார். நான் அவர்கள் வேலிப் பக்கம் ஜன்னலில் நின்று, குதிரைகள் சுற்றி நடக்கும்போதே எந்த எண்ணுக்கு என்ன நிறம் என்று மனசில் வாங்கிக்கொண்டு ஓடிவந்து சொல்வேன். மூன்றாம் எண் ஊதா, வெள்ளைத் தொப்பி. ஏழாம் எண் மஞ்சள், கறுப்புக் கோடு. தாத்தா அதைத் தாளில் குறித்துக்கொண்டு எங்கள் சாம்பல் பந்தயத்தைப் பார்ப்பார். நான் சொன்னதைக் கேட்ட பிறகு தனக்கு நிறம் தெரிகிறது என்று சொல்வார். நான் நம்பினேன். எனக்கும் தெரிந்தது.

இன்னொன்று. எங்கள் பெட்டியில் கிட்டே போய்ப் பார்த்தால் சில இடங்களில் பொடிப்பொடிப் புள்ளிகள் நெளியும். எல்லா இடத்திலும் இல்லை, சில துணிகளில், சில பூக்களில் மட்டும். பெட்டியில் ஏதோ கோளாறு என்று அப்பா பின்பக்கம் தட்டுவார். பல வருஷம் கழித்து, பள்ளியில் அறிவியல் பாடம் எடுக்கத் தயார் செய்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பால் முறையில் நிறத்தின் செய்தி 4.43 மெகாஹெர்ட்ஸ் துணை அலையில் படத்தோடேயே சேர்ந்து வருகிறது. கறுப்பு வெள்ளைப் பெட்டி அதைப் பிரிக்காமல் படமாகவே காட்டிவிட்டால் அழுத்தமான நிறம் உள்ள இடத்தில் இந்தப் புள்ளிகள் தெரியும். அதாவது, அந்தப் புள்ளிகள்தான் கலர்! அது எங்கள் கண்முன்னாலேயே இருந்திருக்கிறது. இதை வகுப்பில் சொன்ன அன்று எனக்குப் பேச்சு தடுமாறியது.

இதில் ஒரு அற்புதமும் நடந்திருக்கிறது. பிரிட்டனில் கலரில் ஒளிபரப்பான சில பழைய நிகழ்ச்சிகளின் கலர் டேப் அழிந்துபோய், டிவித் திரையிலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளை ஃபிலிம் மட்டும் மிஞ்சியது. அந்த ஃபிலிமில் இதே புள்ளிகள் பதிந்திருந்தன. அவற்றைக் கணினியால் படித்து நிறத்தைத் திரும்ப எடுத்தார்கள். 2008இல் அப்படி மீட்ட ஒரு நிகழ்ச்சியை பிபிசி ஒளிபரப்பியது. யாரும் கைவண்ணம் பூசவில்லை, அந்த நாளில் இருந்த அதே நிறம்.

ரோஸ்ஹில்காரி எழுதியது:

மொரீஷியஸிலிருந்து ஒரு சின்னக் கதை. டீச்சர் அக்கா சொன்ன பால் முறையைப் படித்ததும் ஞாபகம் வந்தது.

எங்கள் பெரியம்மா மகள் டர்பனில் வாழ்க்கைப்பட்டவர். 1980களில் கல்யாண வீடியோ கேசட்டை எங்களுக்கு அனுப்பினார்கள். அக்கம்பக்கத்தையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்து, அம்மா எல்லோருக்கும் வடை சுட்டுக் கொடுத்து, கேசட்டைப் போட்டோம். சத்தம் நன்றாக வந்தது, நாதஸ்வரம் கேட்டது. படம் கறுப்பு வெள்ளை. எங்கள் டிவி கலர் டிவி! தென்னாப்பிரிக்காவில் கல்யாணத்தைக் கறுப்பு வெள்ளையிலா எடுப்பார்கள் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பெரியம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. கூறைப்புடவை அவர் பார்த்துப் பார்த்து எடுத்து அனுப்பியது, அரக்குச் சிவப்பில் தங்கக் கரை.

விஷயம் என்னவென்றால், டர்பன் கேசட் பால் முறை, எங்கள் நாட்டு ஒளிபரப்பு அப்போது பிரான்ஸ் வழியில் செக்காம் (SECAM) என்கிற வேறு கலர் முறை. இரண்டிலும் திரையில் படத்தை வரையும் கோடுகளின் எண்ணிக்கை 625தான், அதனால் படம் வந்துவிடும். நிறத்தைக் கட்டி அனுப்பும் விதம்தான் வேறு, எங்கள் பெட்டிக்கு அதை அவிழ்க்கத் தெரியவில்லை. கடைசியில் போர்ட் லூயிஸில் அப்பாவின் சிநேகிதர் ஒருவர் இரண்டு முறையும் எடுக்கும் பெட்டி வைத்திருந்தார். பெரியம்மாவை மட்டும் கூட்டிப்போனோம். தாலி கட்டும் இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். அவர் மாப்பிள்ளையைப் பார்க்கவே இல்லை, புடவையைத்தான் பார்த்தார்.

டோங்காட் மகள் எழுதியது:

அங்கிள், ஆன்ட்டி, அக்கா, மூவருக்கும் ரொம்ப நன்றி. எல்லாவற்றையும் அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்தேன், கோடுகளின் நிறம் பற்றிய பத்தியை மட்டும் எடுத்துவிட்டு. முதலில் கேள்வியைக் கேட்டேன்.

அம்மா யோசிக்கவே இல்லை. மஞ்சள் என்றார். படம் முடியும்வரை மஞ்சள் கோடுகள் ஓடின, நடுநடுவே வெள்ளையும் வந்தது, வேலிலிருந்து கதிர் வருகிறது என்று பிள்ளைகள் எல்லாம் பேசிக்கொண்டோம் என்றார். மாமாவுக்கு போன் போட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கோடு அதிகம் இல்லை, ரீல் மாறும் இடத்தில் மட்டும் கொஞ்சம் பச்சையாக வரும் என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

அப்புறம் அங்கிள் எழுதியதை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, அம்மா சமையலறைக்குள் போய்ப் பேசினார். இந்த ஞாயிற்றுக்கிழமை மாமா சாப்பிட வருகிறார்.

ஃபிலிம் துண்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஓரத்தில் ஈஸ்ட்மன் என்றும் சேஃப்டி என்றும் இருக்கிறது, பக்கத்தில் சின்னச் சின்ன வடிவங்கள். இணையத்தில் ஒரு அட்டவணையில் தேடினேன், 1945 அல்லது 1965 என்று வருகிறது. இரண்டு பக்கமும் துளைகள் இருக்கின்றன. இதை ஸ்கேன் செய்தால் நீலம் திரும்ப வருமா?

ரீல்காரர் எழுதியது:

1965தான் மகளே. அந்தக் குறிகள் இருபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப வரும், ஈஸ்ட்மன்கலர் வந்ததே 1950இல். அது ஃபிலிம் தயாரான வருஷம். மாமா சொல்லும் காலத்தோடும் ஒத்துப்போகிறது. இரண்டு பக்கத் துளை என்றால் 35 எம்எம் அகல ஃபிலிம், ஆக அந்த ஹாலில் பெரிய மெஷினே இருந்திருக்கிறது. டோங்காட் ஜனங்கள் கொடுத்துவைத்தவர்கள், பல ஊர்களில் 16 எம்எம்தான்.

நீலம் முழுக்க வராது. ஆனால் நீலப்பச்சைச் சாயம் அடியோடு போயிருக்காது, மங்கலாகக் கொஞ்சம் தங்கியிருக்கும். அந்த மிச்சத்தைக் கணினியில் தூக்கிவிடலாம். ஸ்கேன் கடையில் தானாகத் திருத்தும் வசதியை அணைக்கச் சொல்லுங்கள், முதலில் உள்ளது உள்ளபடி ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டின்னிலிருந்து எடுத்துக் காகித உறையில் போட்டு, வீட்டில் ஈரமில்லாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். காடி வாசனை அடித்தால் உடனே ஸ்கேனுக்குக் கொடுங்கள், ஃபிலிம் அழுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

திருத்தும்போது வெள்ளையாக இருக்க வேண்டிய ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முருகன் என்றால் வேட்டி கிடைக்காது, பட்டு உடுத்தியிருப்பார். நெற்றியில் விபூதி தெரிகிறதா பாருங்கள். அதை வெள்ளையாக்கச் சொல்லுங்கள்.